ரெண்டு விசில்

உக்காரும்மா. இரு, இதை நகத்தி வச்சுக்கிறேன், காலை இடிக்கும். வாக்கர்தான். ஆள் வரல, வாக்கர் மட்டும்தான் வந்திருக்கு.

உள்ள யாரு, வீட்டுக்காரரா? நாப்பத்தி மூணு வயசுதானா? அடப் பாவமே. இந்த வாதம் இப்பல்லாம் வயசு பாக்குறதில்ல. எப்படி இருக்காரு இப்ப?

அப்படியேதான் இருக்காரா.

நெசமாவே அப்படியேதான் இருக்காரா, இல்ல என்கிட்ட அப்படிச் சொல்றியா? சிரிக்கிற பாரு. கெட்டிக்காரி. அப்படித்தான் சொல்லணும். யாரு கேட்டாலும் அப்படியேதான் இருக்காருன்னு சொல்லு. நானும் ஆறு மாசம் அதைத்தான் சொன்னேன், ஒருத்தரை விடாம சொன்னேன்.

உள்ள கைதட்டுறது கேக்குதா? அது ஜென்சி, இங்க பயிற்சி குடுக்குற புள்ள. கரண்டு வைக்கிறது, கையை நீவி விடுறதெல்லாம் மத்தவங்களும் செய்வாங்க. கைதட்டுறது அது ஒண்ணுதான். எந்த மனுசன் ஒரு விரலை மடக்குனாலும் என்னமோ தேர் நிலைக்கு வந்த மாதிரி தட்டும். நல்ல புள்ளதான், நான் குறை சொல்லல. எங்க வீட்டுக்கு வாரத்துல மூணு நாள் வந்து பாத்துச்சு. இந்த வாக்கரும் அது குடுத்துவிட்டதுதான். திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன். இதோட மூணாவது தடவை வர்றேன். ரெண்டு தடவையும் இதே பெஞ்சுல உக்காந்துட்டு, இதைத் தூக்கிக்கிட்டே திரும்ப பஸ் ஏறிட்டேன்.

பேரு இதுல ஒட்டியிருக்கு பாரு. நீயே படிச்சுக்க, நான் சொல்ல மாட்டேன். ம், நீ படிச்சது சரிதான். அதான் எங்க வீட்டுக்காரர். டவுன் பஸ்ஸுல முப்பத்திரெண்டு வருசம் கண்டக்டர். பணி முடிஞ்சு வந்த அன்னைக்கு விசிலைக் கொண்டாந்து கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டினாக. எவர்சில்வர் விசிலு, கறுப்புக் கயிறு. அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. போன பொங்கல் முடிஞ்ச வாரம், குளிச்சுட்டு வந்து வேட்டி கட்டுறப்ப வலது பக்கம் அப்படியே இழுத்துக்கிருச்சு. பேச்சும் போயிருச்சு.

ஜென்சி முதல் நாள் வந்ததும் அந்த விசிலைத்தான் பாத்துச்சு. "இதை ஊதுங்க அங்கிள், வாய்க்கும் பயிற்சி, மூச்சுக்கும் பயிற்சி"ன்னு கழுத்துல மாட்டி வாயில வச்சு விட்டுச்சு. வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு இருக்கு, எங்கிட்டு ஊதுறது? காத்துதான் வந்துச்சு. புஸ்ஸுன்னு. பன்னெண்டு நாள் வெறும் புஸ்ஸு. நான் அடுப்படியில நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். பதிமூணாம் நாள் விசில் வந்துச்சும்மா. தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி வந்துச்சு. அவுக கண்ணுல தண்ணி. ஜென்சி எந்திரிச்சு நின்னு கைதட்டுது.

நான் என்ன செஞ்சேன்? வத்தல் மொளகா எடுக்க ஓடினேன்.

சிரிக்காத. நீயும் சுத்திப் போட்டிருப்ப.

அதுக்கப்புறம் அந்தப் புள்ள ஒரு சட்டம் போட்டுச்சு. பஸ்ஸுல ஒத்த விசிலுக்கு வண்டி நிக்கும், ரெண்டு விசிலுக்கு வண்டி கெளம்பும், உனக்குத் தெரியும்ல. அந்த மாதிரி, அலுப்பா இருந்தா ஒத்த விசில் ஊதணும், நிறுத்திருவோம். ஒரு காரியம், அது எம்புட்டு சின்னதா இருந்தாலும் சரி, புதுசா செஞ்சா ரெண்டு விசில். ரைட்டு, போலாம்னு அர்த்தம். ஸ்பூனைப் புடிச்சா ரெண்டு விசிலு. சட்டையில ஒரு பட்டனைப் போட்டா ரெண்டு விசிலு. ஒரு நாள் "தண்ணி"ன்னு சொல்லிட்டாக, "தன்னி"ன்னுதான் வந்துச்சு, அதுக்கும் ரெண்டு விசிலு. செருப்பைக் காலால இழுத்து மாட்டினதுக்கு ரெண்டு, பத்து எண்ணுற வரைக்கும் நின்னதுக்கு ரெண்டு. ஊதிட்டு என்னைத் திரும்பிப் பாப்பாக. ஒவ்வொரு தடவையும்.

நான் பாக்க மாட்டேன். பாத்தாலும் பாக்காத மாதிரி இருப்பேன்.

உனக்குப் பிள்ளைக இருக்கா? ரெண்டா. நல்லா இருக்கட்டும். எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. செல்வின்னு பேரு. பதினோரு மாசம். ஒரு நா சாயங்காலம் செவுத்தை விட்டுட்டு நாலு அடி வச்சுச்சு. நாலே அடி. நான்தான் வாசல்ல நின்னு அத்தனை பேரையும் கூப்பிட்டேன், வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு. எல்லாரும் வந்து கைதட்டினாக. புள்ள சந்தோசத்துல மறுபடி நாலு அடி வச்சுச்சு. மூணாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் இல்ல.

யாரு கண்ணுன்னு யாரைக் கேக்குறது? கூப்பிட்டது நான்தானே. அன்னைக்குச் சாமி முன்னாடி சத்தியம் பண்ணேன், இனி என் வீட்டுல நடக்குற எந்த நல்லதையும் என் வாயால சொல்ல மாட்டேன்னு. காப்பாத்தினேன் பாரு, முப்பத்தஞ்சு வருசம் காப்பாத்தினேன். ரெண்டாவது பொண்ணு சுகந்தி பன்னெண்டாங் கிளாசுல பள்ளிக்கூடத்துலயே முதலா வந்து மார்க்கு சீட்டைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு நிக்கிறா. சரி, கொடியில கெடக்குற துணியை எடுன்னு சொன்னேன். அவளுக்கு அதுல இன்னும் கோவம். திருப்பூர்ல இருக்கா, நல்லா இருக்கா. அதை அவகிட்டயே நான் சொல்ல மாட்டேன்.

டோக்கன் கூப்பிடுறாங்களே, உன்னையா? இல்லையா. சரி.

எங்க தெரு சின்னத் தெரு. விசில் சத்தம் கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். பூக்காரம்மா, பால்காரர், எல்லாரும் நின்னு "என்ன, இன்னைக்கு வண்டி எது வரைக்கும் போச்சு?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. எதுத்த வீட்டு சந்தனமாரி இருக்காளே, அவதான் ரொம்ப. இங்க ரெண்டு விசில் ஊதினா அங்கேயிருந்து "ரைட்டு, அண்ணே"ன்னு குரல் குடுப்பா. கையில இருக்குற வேலையைப் போட்டுட்டு வாசலுக்கு வந்து தட்டுவா. அவுக எந்திரிச்சு நின்ன அன்னைக்குக் கேசரி கிண்டிக் கொண்டாந்தா, முந்திரி போட்டு. நான் வாசலுக்குப் போயி, "எங்கம்மா, அப்படியேதான் கெடக்காரு, ஒரு முன்னேத்தமும் இல்ல"ன்னு சத்தமாச் சொல்லுவேன். சத்தமாச் சொன்னாத்தானே கண்ணு ஒதுங்கிப் போகும்? கட்டில் வாசலுக்குப் பக்கத்துலதான் கெடக்கும். அவுக காதுல விழும்தான். விழட்டுமே, கூடவே வாழ்ந்த மனுசனுக்கு அது எதுக்குச் சொல்றேன்னு தெரியாதா?

தெரிஞ்சிருக்கும். உனக்கு என்ன தோணுது? தெரிஞ்சிருக்கும்ல?

உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா, நீ அப்படிச் சொல்றது சும்மாதான்னு? கேட்டியா?

சரி விடு. ஆடி பொறந்துச்சு. வாக்கரைப் புடிச்சுக் கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் போயிட்டு வர ஆரம்பிச்சுட்டாக. ஒரு நா சந்தனமாரி தெருவுல நின்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்றா, "இதே வேகத்துல போனா அண்ணன் தீபாவளிக்கு ஜவுளி எடுக்கக் கடைவீதிக்கு நடந்தே போயிருவாரு." செல்விக்கும் இப்படித்தான் ஒருத்தி சொன்னா, அடுத்த மாசம் கோயிலுக்கு நடந்தே வந்துரும்னு. அன்னைக்கு மத்தியானம் அவுக தூங்குறப்ப விசிலை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டேன். அரிசியை மேல தள்ளி மூடியாச்சு. எந்திரிச்சதும் கழுத்தைத் தடவுறாக, தலகாணியைத் தூக்குறாக. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன். தொலையட்டும், தொலைஞ்சா நல்லதுன்னும் சொன்னேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக.

மூணு நாள் எங்க வீட்டுல சத்தமே இல்ல. ஜென்சி வந்து புது விசில் வாங்கித் தரவான்னு கேட்டதுக்கு, வேணாம்னு தலையை ஆட்டிட்டாக. நான் ரெண்டு வேளையும் டிரம்மத் திறந்து ஆழாக்கால அரிசி அள்ளுவேன். அள்ளுறப்ப ஆழாக்கு அதுல பட்டு டிங்குன்னு ஒரு சத்தம் வரும். எனக்கு அது பெருசாத் தோணல. அவுக கண்டக்டர், அந்த பஸ் இரைச்சல்லயும் ஒரு ரூபா கீழ விழுந்தா எந்த சீட்டுல விழுந்துச்சுன்னு சொல்லுவாக. அதை நான் மறந்துட்டேன்.

ஆடி ரெண்டாம் வெள்ளி. மாரியம்மனுக்கு உப்பும் மொளகும் போட்டுட்டு வரலாம்னு போனேன், எல்லாம் அவுகளுக்காகத்தான். அரை மணி நேரத்துல வந்துர்றேன்னு கதவைச் சாத்திட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப தெரு முக்குல பதினொண்ணு, பதினொண்ணேகால் இருக்கும், கேட்டுச்சு. ரெண்டு விசிலு. அப்படி ஒரு விசில் அவுக வேலையில இருந்தப்பக்கூட ஊதினதில்ல. நீளமா, கணீர்னு.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சுங்கிற? சந்தனமாரி கேட்டுருப்பாளேன்னு தோணுச்சு. கேட்டுட்டா. வாசல்ல நின்னு தட்டிக்கிட்டு இருக்கா. பக்கத்து வீடு, அதுக்குப் பக்கத்து வீடு, எல்லாரும் வாசல்ல. செல்விக்கு நின்ன மாதிரியே நிக்கிறாங்க.

உள்ள போனேன். போனதும் கதவைத் தாப்பாப் போட்டேன். அதுக்கப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். கட்டில்ல ஆள் இல்ல. இந்த வாக்கர் கட்டில் பக்கத்துல அப்படியே நிக்குது. அவுக அடுப்படியில நிக்கிறாக. எதையும் புடிக்காம, ஒத்தைக் கை டிரம்மு மேல சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. தரையெல்லாம் அரிசி. மூஞ்சி, நெஞ்செல்லாம் அரிசி மாவு தூசி. வாயில விசிலு. என்னைப் பாத்தாக. கோணின வாயோட சிரிச்சாக. சுகந்தி மார்க்கு சீட்டைக் குடுத்துட்டு நின்னாள்ல, அதே பார்வை.

நான் சொன்னேன், "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா? அரிசியை வேற கொட்டியாச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். அடிச்சேனா, வஞ்சேனா? அவ்வளவுதான்.

நான் புடுங்கல, அதைக் கேட்டுக்க. அவுகளாத்தான் கயிறைக் கழுத்துல இருந்து கழட்டினாக. இடது கையால கழட்ட ரொம்ப நேரம் ஆச்சு. கழட்டி என் கையில வச்சாக. டூட்டி முடிஞ்சு டிப்போவுல பையை ஒப்படைப்பாங்கள்ல, அந்த மாதிரி. அப்புறம் அப்படியே சரிஞ்சு அரிசி மேல உக்காந்துட்டாக. சந்தனமாரியைத்தான் கூப்பிட வேண்டியதாப் போச்சு, தூக்கிக் கட்டில்ல படுக்க வைக்க.

பாத்தியா? அன்னைக்கே கண்ணு பட்டுருச்சு. அதே நாளு, அதே மணி. மறுநாள் ஜென்சி வந்து கட்டில்ல இருந்து டிரம்மு வரைக்கும் அடி எண்ணிப் பாத்துச்சு, எம்புட்டோ பேசிப் பாத்துச்சு, அவுக எந்திரிக்கல. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. ஸ்பூனைக்கூடப் புடிக்கல, நான்தான் ஊட்டினேன். எத்தனை எலுமிச்சம்பழம் அறுத்தேன், எத்தனை பூசணிக்கா உடைச்சேன். அந்தக் கண்ணு இறங்கவே இல்ல. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி போயிட்டாக. சந்தனமாரி என்னைவிட அதிகமா அழுதா. நான் அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் பேசுறதில்ல.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜென்சி வந்துச்சு. போறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, "ஆன்ட்டி, அங்கிளுக்குக் கை கால்ல ஒண்ணும் குறையல. பதினேழு அடி தனியா நடந்த ஆளு. அதுக்கப்புறம்தான்..." அதோட நிறுத்திருச்சு. அதுக்கப்புறம் என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல ஆன்ட்டி, பாத்து இருந்துக்கங்கன்னு போயிருச்சு.

அதைக் கேக்கத்தான் வர்றேன். வாக்கரெல்லாம் சாக்கு. அதுக்கப்புறம் என்ன? அந்தப் புள்ள படிச்ச புள்ள, அதுக்குத் தெரியும். கேக்கணும்னு பஸ் ஏறுறேன். இந்தப் பெஞ்சுல உக்காந்ததும் வாய் ஒட்டிக்கிருது. கண்ணுதான் ஆன்ட்டின்னு சொல்லிட்டா நிம்மதியா வீட்டுக்குப் போயிருவேன். வேற எதையாச்சும் சொல்லிட்டா?

பதினேழு அடிதான். அளந்து பாத்துட்டேன். கட்டில்ல இருந்து டிரம்மு வரைக்கும் நானே நடந்து பாத்தேன், ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்குறேன். நடுவுல ஒரு நிலைப்படி இருக்கும்மா. அதை எப்படித் தாண்டினாகன்னு எனக்குத் தெரியல. யாரும் புடிக்கல, யாரும் பாக்கல.

இன்னொண்ணு சொல்றேன், பயந்துக்காத. பதினோரு மணிக்கு நான் ஆழாக்கை அரிசியில வைக்கிறேன்ல, அப்பக் கேக்குது. ரெண்டு விசிலு. முதல்ல மெயின் ரோட்டு பஸ்ஸுன்னு நெனச்சேன். ரோடு எங்கேயோ இருக்கு. டிரம்ம மாத்திட்டேன். விசிலைத் துணியில சுத்தி பீரோவுல வச்சுப் பூட்டினேன். கேக்குது. சுகந்தி திருப்பூருக்கு வந்துருன்னு கூப்பிடுறா. எப்படிப் போறது? பதினோரு மணிக்கு அவுக ஊதுறப்ப வீட்டுல ஆள் இல்லன்னா? ஊதிட்டுத் திரும்பிப் பாப்பாகளேம்மா. ஒத்த விசில் ஒரு தடவை கேட்டுட்டாப் போதும், வண்டி நின்னுருச்சுன்னு நானும் கெளம்பிருவேன். ஒத்த விசில் வரவே மாட்டேங்குது.

இங்க பாரு, விசிலை இப்ப இந்தச் சுருக்குப் பையிலதான் வச்சிருக்கேன். கையில வாங்கித் தொட்டுப் பாரு. கயிறு இடுக்குல இன்னும் அரிசித் தூசி இருக்கும்.

கதவைத் திறக்குறாங்க. உன் வீட்டுக்காரரா? எந்திரிம்மா. வீல்சேர் இல்லாமத்தான் வர்றாரு. செவுத்தத் தொட்டுக்கிட்டு வர்றாரு. ஜென்சி பின்னாடி வருது, கையை விட்டுட்டுத்தான் வருது. மூணு, நாலு. நாலு அடி வச்சுட்டாரும்மா. அஞ்சு.

டோக்கன் குடுக்குறவர் உன்னைத்தான் கேக்குறாரு, சார் எப்படி இருக்காருன்னு.

ஏம்மா. ஏம்மா அப்படிச் சொன்ன? அப்படியேதான் இருக்காருன்னு ஏன் சொன்ன? அவருக்குக் கேட்டுருச்சு. அங்க பாரு, நின்னுட்டாரு. என்னை எதுக்குப் பாக்குற, அவரைப் பாரு. நான் சொல்லிக் குடுத்தேனா? ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன், கெட்டிக்காரின்னு வேற சொன்னேன். நான் ஒரு பைத்தியக்காரி, என் பேச்சைக் கேக்காத. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். அது தொங்கிருச்சுன்னா அப்புறம் எத்தனை பூசணிக்கா உடைச்சாலும் தூக்க முடியாது.

சொல்லும்மா. அஞ்சு அடி நடந்தீங்கன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும். கண்ணு பட்டா என் கண்ணுன்னு சொல்லிக்க. வீட்டுக்குப் போயி என் பேரைச் சொல்லிச் சுத்திப் போடு. என் கண்ணுதான். நான் தாங்கிக்கிறேன்.

உனக்கும் வாய் வரலையா. சரி, நகரு. அந்த விசிலைக் குடு.

காத்துதான் வருது. புஸ்ஸுன்னு காத்துதான் வருது. இரு, அவரை நிக்கச் சொல்லு. இன்னொரு தடவை ஊதுறேன்.